வழுக்கின இடம் ஒண்ணு, விழுந்த இடம் ஒண்ணு

லினக்ஸில் சி எழுதிப் பொட்டி தட்டுற மக்களுக்கான பதிவு இது. மத்தவங்க மன்னிக்கணும், அடுத்தது சினிமாதான் :-)

மெமரி தப்புல ஒரு பேஜார் உண்டு. தப்பு நடக்கிற இடத்துல புரோகிராம் சாகாது. சம்பந்தமே இல்லாத வேற ஃபங்ஷன்ல போய் மண்டையைப் போடும். யாரோட வரியில விழுந்துச்சோ அவர் தலைதான் உருளும். எங்க டீம்ல சேர்ந்து மூணு மாசமே ஆன தம்பி ஒருத்தன் இப்படித்தான் மாட்டினான். கஸ்டமர் மெஷின்ல, அதுவும் ஒரே ஒருத்தரோட கணக்கைத் திறந்தா மட்டும் அவன் எழுதின ரிப்போர்ட் கிராஷ். ஆபீஸ்ல எத்தனை தடவை ஓட்டினாலும் சமர்த்தா ஓடுது. டமேஜர் அவனைப் பார்த்த பார்வை இருக்கே...

வால்கிரைண்ட்ல ஓட்டினா 20, 30 மடங்கு மெதுவாகும். எங்க சர்வர் டைம் அவுட் ஆகிப் படுத்துடும். கைகொடுத்தது ஜிலிப்சியில இருக்கிற 'மேலாக் செக்' என்விரான்மென்ட் வேரியபிள். (பெயர் முழுக்கப் பெரிய எழுத்து, நடுவுல ஒரு அண்டர்ஸ்கோர், கடைசியிலும் ஒண்ணு. கடைசியை விட்டுட்டு வேலை செய்யலைன்னு புலம்பக் கூடாது!) மறுபடி கம்பைல் பண்ண வேண்டாம். 2-ன்னு செட் பண்ணி ஓட்டினா, நாம கேட்ட பைட்டுகள் முடியற இடத்துல ஒரு அடையாள பைட் வைக்கும். ஃப்ரீ பண்றப்ப அது அழிஞ்சிருந்தா அங்கேயே அபார்ட்.

ஆபீஸ் மெஷின்லயே முதல் ஓட்டத்துல மாட்டுச்சு. ரிப்போர்ட்ல இல்லை, எந்தக் காலத்துலயோ எழுதின, பெயரைக் காப்பி பண்ற கோடு. ஸ்டர்லென் எவ்வளவோ அவ்வளவுக்கே மேலாக். கடைசி ஜீரோவுக்கு இடம் ஒதுக்கலை. 64 பிட் மெஷின்ல 20 பைட் கேட்டாலும் 24 கிடைக்கும், அதனால பெரும்பாலான பெயர்கள் தப்பிச்சுது. அந்தக் கஸ்டமர் பெயர், இடைவெளியோட சேர்த்து, சரியா 24 எழுத்து. 25-வதா விழுந்த ஜீரோ பக்கத்து பிளாக்கோட அளவுக் குறிப்பைக் கெடுத்திருக்கு. அந்த பிளாக் தம்பியோடது. அவன் கோடுல ஒரு எழுத்துகூட மாத்தலை.

கூடவே 'மேலாக் பெர்ட்டர்ப்' (இதுக்கும் வால் உண்டு). 165-ன்னு கொடுத்தா, ஃப்ரீ பண்ணின இடத்தை அந்த எண்ணால நிரப்பும்; புதுசா ஒதுக்கினதை அதோட தலைகீழ் பிட்டுகளான 90-ஆல நிரப்பும். ஃப்ரீ பண்ணினதையே மறுபடி தொடுற கோடு, ஆரம்ப மதிப்பு வைக்காம படிக்கிற கோடு ரெண்டும் பெரும்பாலும் சீக்கிரமே காட்டிக்கொடுத்துடும்.

2021-ல வந்த ஜிலிப்சி 2.34 முதல் செக் மட்டும் தனி லைப்ரரிக்குப் போயிடுச்சு. 'லிப்சி மேலாக் டீபக்'கை எல்டி பிரீலோட்ல சேர்த்தாதான் வேலை செய்யும். இல்லேன்னா சத்தமில்லாம சும்மா இருக்கும். அப்புறம், ஃப்ரீயே பண்ணாத பிளாக்கை இது கண்டுக்காது. அதுக்கு வால்கிரைண்ட்தான், பொறுமையா.