வாலியர் மேடு

ஜவ்வாது மலையில், பட்டறைக்காட்டுப் பாறைமேட்டில் வெயில் ஏறிவிட்டது. நாலு பக்கமும் பலகைக்கல் நட்டு, மேலே ஒரு பெருங்கல்லைக் கவிழ்த்த வீடுகள் பாறை நெடுகக் கிடக்கின்றன. சில நிமிர்ந்து நிற்கின்றன, சில ஒருக்களித்துவிட்டன, சிலவற்றில் மூடுகல் சரிந்து மண்ணைத் தொடுகிறது. எதற்குள்ளும் ஓர் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. ஒரு பக்கக் கல்லில் மட்டும் வட்டமாக ஒரு துளை. வெள்ளாட்டுக் குட்டி ஒன்று அதில் தலையை நுழைத்து, உள்ளே என்ன கண்டதோ, சட்டென்று பின்வாங்குகிறது.

ஆடு ஓட்டி வந்த கிழவி நிழல் பார்த்துக் குந்தியிருக்கிறாள். மூன்று பையன்கள். ஒருவன் மூடுகல்மேல் ஏறிக் குதிக்கிறான்.

“எறங்குடா. வாலியரு வூடு அது.”

“அவங்கெல்லாம் எங்க ஆயா போயிட்டாங்க?”

“எங்க போவாங்க? இங்கதான் கீறாங்க.”

அவள் குரலில் பயமுறுத்தல் இல்லை. பக்கத்துத் தெருக்காரரைச் சொல்வதுபோல் சொல்கிறாள். பையன் இறங்கி, கல்லைக் கையால் ஒருமுறை தடவிவிட்டு ஆட்டின் பின்னால் ஓடுகிறான். அவன் கை பட்ட இடத்தைக் குனிந்து பார்க்கிறேன். கல்லின் விளிம்பு ஒரு சாண் கனம்கூட இல்லை. ஒரு பலகையின் ஓரம் அடுத்த பலகைமேல் சாய, அது அதற்கடுத்ததன்மேல் சாய, நான்கும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன. காரை இல்லை, ஆப்பு இல்லை. உள்பக்கம் பாறையிலிருந்து பெயர்ந்த அன்றைக்கு இருந்ததுபோல் இன்னும் சொரசொரப்பாக இருக்கிறது.

வாலியர் என்பவர்கள் குள்ளர்கள், ஆனால் இந்தக் கற்களைத் தூக்கும் அளவுக்குப் பலசாலிகள் என்பது மலையில் வழங்கும் கதை. இடத்துக்கே குள்ளர் குகை என்று பெயர் வந்துவிட்டது. கீழே சமவெளியில் இதற்கு ஒரு பங்காளிக் கதை உண்டு. முன்காலத்தில் மனிதருக்குச் சாவே கிடையாதாம். வயது ஏற ஏற உடம்பு சுருங்கிக்கொண்டே போகுமாம். கடைசியில் கைப்பிள்ளை அளவுக்கு வந்தவர்களை விளக்கு மாடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார்களாம். அதுவும் முடியாதபோது சோறும் தண்ணீரும் வைத்துத் தாழிக்குள் இறக்கிவிட்டார்களாம். முதுமக்கள் தாழி கிடைக்கும் ஊரிலெல்லாம் பெரியவர்கள் இதைச் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சாகாத கிழவர்களையும் இந்த வாலியரையும் ஒரே கற்பனைதான் பெற்றிருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. சிறிய வீட்டைப் பார்த்தவர்கள் சிறிய மனிதரை நினைத்தார்கள்.

தொல்லியலில் இவற்றுக்குக் கல்திட்டை என்று பெயர். இரும்புக்காலத்தவை. அப்படிப் பார்த்தால் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழையவை, பலவற்றுக்கு அதைவிடவும் வயது கூடும். குள்ளர் யாரும் இல்லை, நம்மைப் போன்ற ஆட்கள்தான். இறந்தவரை வேறிடத்தில் விட்டுவைத்து, எலும்பைப் பொறுக்கி, பானையும் இரும்புக் கருவியும் மணியும் சேர்த்து இதுபோன்ற கல்லறைகளில் வைப்பது அக்கால வழக்கங்களில் ஒன்று. கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரத்திலும் பாறைமேல் இப்படியே கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. இதைக் கட்டியவர்கள் தாங்கள் குடியிருக்க மண்ணும் மூங்கிலும் புல்லும் போதும் என்று விட்டுவிட்டார்கள். அந்தக் குடிசைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பாறையைப் பிளந்து, பலகையை நெம்பி நகர்த்தி, ஊரே தோள்கொடுத்துத் தூக்கிய உழைப்பு முழுவதும் செத்தவருக்குப் போயிருக்கிறது. அதனால்தான் இந்த மலையில் மிகப் பழைய குடியிருப்பு எது என்று கேட்டால், கிழவி கை நீட்டுகிற இந்த மேட்டைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

கிழவியின் இனத்தாரைப் பற்றியும் சாவை ஏமாற்றிய கதை ஒன்று உண்டு. 1909இல் வந்த தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூல் வரிசையில் எட்கர் தர்ஸ்டன் அதைப் பதிந்திருக்கிறார். காஞ்சிபுரத்து வேளாளரிடம் வேடர்கள் பெண் கேட்டார்கள், கிடைக்கவில்லை. ஏழு பெண்களைத் தூக்கிப்போனார்கள். மீட்டுவர ஏழு பேர் நாய்களோடு புறப்பட்டார்கள். நாய்கள் மட்டும் திரும்பிவந்தால் நாங்கள் இல்லை என்று வைத்துக்கொண்டு கருமாதி செய்துவிடுங்கள் என்று மனைவிமாரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆட்கள் எப்படியோ கரையேறிவிட்டார்கள், நாய்கள் திரும்பி வீட்டுக்கு ஓடிவிட்டன. போன காரியம் முடித்து அவர்கள் ஊர் வந்தபோது கருமாதி முடிந்திருந்தது. தாலி அறுத்த வீட்டில் புருஷனுக்கு ஏது இடம்? ஊர்க்கணக்கில் செத்துப்போனவர்கள் வேடப் பெண்களைக் கட்டிக்கொண்டு ஜவ்வாது மலை ஏறி, காடு திருத்திப் பயிர் செய்தார்கள். அவர்கள் வழிவந்தவர்களே இங்குள்ள மலையாளிகள் என்கிறது கதை. மலையை ஆள்பவர் என்ற பொருளில் இங்கே அந்தப் பெயர், கேரளத்தோடு தொடர்பு கிடையாது. தன் கருமாதிச் சோறு ஆறுவதற்குள் புதுக் குடி தொடங்கியவர்களின் பேத்தி, இதோ மடியிலிருந்து வெற்றிலை எடுத்துக் காம்பு கிள்ளுகிறாள்.

சாகாதவர் பேச்சு மலைக்கு வெளியேயும் உண்டு. மலைக்குத் தெற்கே செங்கம். சங்கப் பாட்டான மலைபடுகடாம் புகழும் குறுநில மன்னன் நன்னனின் ஊர். அவனுடைய நவிரமலையில் இருப்பதாக அந்தப் பாட்டு சொல்லும் தெய்வத்துக்குக் காரியுண்டிக் கடவுள் என்று பெயர். நஞ்சை உண்டும் சாகாதவன். இன்றைய பர்வதமலையைத்தான் நவிரம் என்கிறார்கள். அங்கே ஏறுகிற பக்தர்கள் சாகாத சித்தர்கள் இன்னமும் உலவுவதாக நம்புகிறார்கள். எனக்கு அந்தச் சித்தர்களைவிட, கூத்தர்கள் போகும் வழியோரத்தில் அந்தப் பாட்டு காட்டும் நடுகற்கள்தான் நெருக்கம். புறமுதுகு காட்டாமல் விழுந்தவர்களின் பெயர் செதுக்கிய கற்கள் அவை.

அந்தக் கற்களின் பிற்கால வாரிசுகளைப் பல்லவர் காலத்து எழுத்தோடு செங்கம் வட்டாரத்தில் ஏராளமாகக் கண்டெடுத்தார்கள். இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ தொகுதியில் அவற்றைப் படிக்கலாம். பெரும்பாலும் மாட்டுச் சண்டைதான். தொறு என்னும் மாட்டு மந்தையைக் கவர வந்தவனோடு மோதிச் செத்தவன், தொறு மீட்டுப் பட்டவன். எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டில் நட்டது. வீரன் கருந்தேவக்கத்தி. அவன் காலருகே ஒரு நாய். திருடர் இருவரைக் கடித்து விரட்டிக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே இருக்கிறது. பாலாற்றங்கரையிலிருந்து தப்புச் சேதி கொண்டுபோன அந்த நாய்களுக்கு யாரும் பெயர் வைத்துச் சொல்லவில்லை. எடுத்தனூர் நாய்க்கோ அரசன் பெயருக்குக் கீழே, ஆள் பெயருக்குப் பக்கத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள். இதைவிடப் பெருமையான செயலைப் பல்லவர் காலத்துக் கல்வெட்டுகளில் நான் படித்ததில்லை.

இக்கற்களில் பல இன்று வேடியப்பன் கோயில்கள். மாட்டுக்காகச் செத்தவன் மாட்டைக் காக்கும் சாமியாகிவிட்டான். அவனுக்குப் பொங்கல் உண்டு, ஆட்டுக்கிடா உண்டு. அவன் உத்தரவு இல்லாமல் சில குடும்பங்களில் கல்யாணப் பேச்சு எடுப்பதில்லை. சிலையும் கோபுரமும் இல்லாமல், செத்த ஒருவன் ஓர் ஊரை ஆள்வது இப்படித்தான்.

பட்டறைக்காட்டு மேட்டில் கல்திட்டைகளின் நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை. புதையல் தேடி வந்தவர்கள் தரைக்கல்லைப் புரட்டியிருக்கிறார்கள். ஒரு மூடுகல்லில் காதலர் பெயர் இரண்டு, சிவப்புப் பெயின்டில். நடுகற்களுக்கு வேறு கதி. பக்தி மிகுந்து எனாமல் பூசிவிடுகிறார்கள், அல்லது சிமென்ட் மேடை கட்டி அடியில் உள்ள வரிகளைப் புதைத்துவிடுகிறார்கள். வேடியப்பன் கோயில் ஒன்றில் நின்ற பூசாரி ஒருவரிடம் மட்டும் ஒருநாள் வாய் திறந்தேன். எண்ணெய் தேயுங்கள், மஞ்சள் பூசுங்கள், மாலை போடுங்கள், பெயின்ட் மட்டும் வேண்டாம், எழுத்து அடைந்துபோனால் சாமியின் பேரே தெரியாமல் போய்விடும் என்றேன். அவர் கொஞ்சநேரம் கல்லைப் பார்த்துவிட்டு, “பேரு எந்த வரியில கீது, காட்டு” என்று உட்கார்ந்தார்.