பழைய மணிகளும் புதிய முற்றமும்

தோட்டத்தில் மணிச்சரம் தொங்கவிடுவது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று நம்மிற் சிலர் கருதுகின்றனர். கோடையிற் கிணறு வற்றும் ஊரில், கடனில் மூழ்கிய வீட்டில், அலங்காரம் எதற்கு? என் சக ஆசிரியர் ஒருவரும் இவ்வாறு கேட்டார். கேள்வி நேர்மையானது. விடையும் நேர்மையாக இருத்தல் வேண்டும்.

கிளிநொச்சி மாவட்டக் கிராமமொன்றிலே நான் கற்பிக்கிறேன். அறுந்த மாலை, பழைய கைப்பை, கிழிந்த சட்டை ஆகியவற்றிலிருந்து மணிகளைச் சேர்த்து, எங்கள் மாணவர் பாடசாலைத் தோட்டத்துக்குச் சரங்கள் கோக்கின்றனர். வேலை எளிதன்று. பருத்தி நூல் ஒரு மாரியிலேயே உக்கிவிடும். தங்கூசியும் நாளடைவில் வெயிலில் நொய்ந்துபோகும். பழைய மின்வடத்தை உரித்தெடுத்த செப்புக் கம்பியே நிலைக்கும். முத்துப்போற் பூச்சிட்ட பிளாஸ்டிக் மணி மழையிலே தோலுரியும். நிறம் உள்ளேயே ஊறிய கண்ணாடி மணி வெளிறாது. கம்பி தேடிப் பற்றைக் காட்டுக்குள் நுழையக் கூடாது என்பது எங்கள் முதல் விதி. போர் 2009இல் முடிந்தது. மண்ணிலுள்ள வெடிபொருள்கள் இன்னும் முற்றாக அகற்றப்படவில்லை.

பழைய மணியைக் கையிலெடுக்கும் பிள்ளை நீண்டதொரு வரலாற்றைத் தொடுகிறது. வன்னிக்கு மேற்கே, திருக்கேதீச்சரத்தை அண்டிய மாந்தையில் 1980 முதல் 1984 வரை நடந்த அகழாய்வில் கண்ணாடி மணிகளும் கல்மணிகளும் கிடைத்தன. போர் அவ்வாய்வை நிறுத்தியது. 2009–2010இலேதான் அங்கு மீண்டும் தோண்ட முடிந்தது. புதுச்சேரிக்கருகே அரிக்கமேடு பண்டைக்காலத்தில் மணி செய்த ஊர். உருகிய கண்ணாடியைக் குழாயாக இழுத்து, துண்டுகளாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி முனை மழுக்கிய சிறுமணிகள் இந்து சமுத்திரக் கரையெங்கும் பரவின. வரலாற்றில் அரசர் பெயரும் துறைமுகத்தின் பெயரும் நிற்கின்றன. உலை வெக்கையில் நின்றவர் பெயர் எங்கே? அந்த மணியே அவர்தம் கையெழுத்து.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. போருக்குப் பின், கைப்பணி செய்து பிழையுங்கள் என்று எங்கள் பெண்களுக்கு உபதேசித்தோர் பலர். கடன் கொடுத்தோரும் பலர். வட்டி கழுத்தை நெரித்தது. வறட்சி கண்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசே அறிவிக்க நேர்ந்தது. மணிச்சரம் நிலத்துக்கும் நீருக்கும் நியாயமான கூலிக்கும் ஈடாகாது. அதைக் கையிற் கொடுத்து இவற்றை மறுப்போரை நாம் நம்பலாகாது.

அவ்வாறாயின் ஏன் கோக்க வேண்டும்? பன்முறை இடம்பெயர்ந்த குடும்பம் முதலிற் கூரையைத் தேடும். பின்னர் கிணற்றை இறைக்கும். தென்னங்கன்று நடுபவர், அது காய்க்கும்வரை அங்கே வாழ எண்ணுகிறார். முற்றத்தை அழகுசெய்யும் தாயும் அவ்வாறே, நாளையும் இங்கிருப்பேன் என்று அறிவிக்கிறாள். 2017இல் கேப்பாப்புலவு மக்கள் தம் காணிக்காக இரவு பகலாக வீதியோரம் அமர்ந்தனர். அவர்கள் கேட்ட காணியிலே கிணறும் மரங்களும் முற்றமும் அடங்கியிருந்தன.

சோறும் நிலமும் உழைப்போரின் உரிமை என்கிறோம். அழகும் அவ்வுரிமையின் பகுதியே. ஆசிரிய நண்பர்களே, பிள்ளையின் உள்ளங்கையில் ஒரு பழைய மணியை வையுங்கள். இதைச் செய்த கை யாருடையது என்று கேளுங்கள். பின்னர், அதை எங்கே தொங்கவிட விரும்புகிறாய் என்றும் கேளுங்கள்.