மாமாவின் பிரஸ்ஸும் ரெண்டு வகைத் தேய்மானமும்

லீவு விட்டால் பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷன் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் மாமாவின் பட்டறைக்குப் போய்விடுவேன். (மெக்கானிக்கல் படிக்கிற பையனுக்கு எவ்வளவு ஆர்வம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே மத்தியானம் பிரியாணி வரும்.) கையால் சுற்றும் பால் பிரஸ் 2, மோட்டாரில் ஓடும் 10 டன் பவர் பிரஸ் 1. கதவுக் கீலுக்குத் தகடு அடிப்பதுதான் வேலை.

போன லீவில் ஒரு லாட் முழுக்கத் திரும்பி வந்துவிட்டது. தகட்டில் ஒரு பக்கம் மட்டும் பிசிர்.

"காலேஜ்ல படிக்கிற இல்ல, இன்னான்னு பாருடா" என்றார் மாமா.

டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். ராம் கால் மில்லிமீட்டர் ஆடியது. 1 மி.மீ. இரும்புத் தகடு என்றால் பஞ்சுக்கும் டைக்கும் நடுவே ஒரு பக்கத்துக்கு 0.05 முதல் 0.1 மி.மீ. வரைதான் இடைவெளி. ராம் அதைவிட அதிகமாக ஆடினால் பஞ்ச் ஒரு பக்கம் சாயாமல் என்ன செய்யும்?

இந்த ஆட்டத்தைப் பற்றி நெட்டில் தேடப்போய் வேறு ஒரு உலகத்தில் மாட்டிக்கொண்டேன். அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் ஆட்கள் வெடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை வீட்டிலேயே மறுபடி நிரப்ப ஒரு சின்ன கைப்பிரஸ் வைத்திருக்கிறார்கள். அதிலும் இதே ராம், இதே டை, இதே கவலை! பழைய பிரைமரைத் தட்டி எடுக்கும்போது உதிரும் கரித்தூள் ராமில் ஒட்டி உப்புத்தாள் மாதிரி அரிக்குமாம். அதனால் சில பிரஸ்களில் ராமுக்குள்ளேயே துளை போட்டு, குப்பையைக் குழாய் வழியாக வெளியே விடுகிறார்கள். கொஞ்சம் ஆட்டம் இருப்பதே நல்லது, கூடு தானாக நேராகிக்கொள்ளும் என்று வாதாடும் கட்சியும் உண்டு.

எல்லாம் சரி, ஆனால் அவர்கள் பிரஸ் கை நின்றால் நின்றுவிடும். எங்களுடையது நிற்காது.

அது எனக்கு உறைத்தது, வழிப்பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தபோது பிரஸ் ஓட்டுகிற அக்கா சாதாரணமாகச் சொன்ன ஒரு வார்த்தையில்தான். "தம்பி, அது சில நேரம் ரெண்டு தபா இறங்குது."

பழைய பவர் பிரஸ்ஸில் ஃப்ளைவீல் சுற்றிக்கொண்டே இருக்கும். பெடலை மிதித்தால் ஒரு சாவி திரும்பி கிராங்க் ஷாஃப்ட்டை அதோடு பூட்டும். ஒரு சுற்று முடிந்ததும் கொக்கி தட்டிச் சாவி விலக வேண்டும். சாவி முனை மழுங்கினாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ விலகாது. அடுத்த அடி, யாரும் மிதிக்காமலே. ராம் தேய்ந்தால் சரக்கு திரும்பி வரும், மறுநாளே செலவு செய்வோம். சாவி தேய்ந்தால் சரக்கு நன்றாகத்தான் வரும். பிறகு யார் பிரித்துப் பார்க்கப்போகிறார்கள்?

மாமாவுக்கு இடது கை ஆள்காட்டி விரல் பாதிதான். எலி கடித்தது என்று சின்ன வயதில் எங்களை நம்ப வைத்திருந்தார். மானேசர் பக்கம் கார் பாகங்கள் செய்யும் தொழிலாளர்கள் இப்படி விரல் இழப்பதைப் பற்றி 'க்ரஷ்ட்' என்று சேஃப் இன் இந்தியா ஃபவுண்டேஷன் 2019 முதல் அறிக்கை வெளியிட்டு வருகிறது. அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். பதில் பேசவில்லை. சாவியைக் கழற்றச் சொன்னார். முனை உருண்டிருந்தது.

கை குறுக்கே வந்தால் மெஷினை நிறுத்தும் லைட் சென்சார் வாங்கலாம் என்று அளந்து விட்டேன். அப்புறம்தான் புரிந்தது, சாவி கிளட்ச் பாதி அடியில் நிற்காது, சென்சார் கத்தினாலும் ராம் இறங்கியே தீரும். சென்சார் வேண்டுமானால் காற்றில் இயங்கும் கிளட்ச் போட வேண்டும். விலையைக் கேட்ட மாமா டீ சொல்லிவிட்டார்.

கடைசியில் புதுச் சாவி, புது ஸ்பிரிங், தகடு மட்டும் நுழைகிற மாதிரி ஒரு இரும்புக் கூண்டு. அக்காவுக்குக் கோபம். பீஸ் கணக்கில் கூலி, கூண்டு வந்தால் வேகம் குறையும். பீஸுக்குக் கொஞ்சம் கூட்டித் தர மாமா ஒத்துக்கொண்டார், முணுமுணுத்துக்கொண்டே.

போன வாரம் போனபோது கூண்டின் ஒரு போல்ட் கழன்று மேஜையில் கிடந்தது. யாரையும் கேட்கவில்லை, முடுக்கிவிட்டேன். பிரியாணி வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது.