கொடுத்தல், வாங்கல்

பி.ஏ. ஆங்கிலத்தில் என்னுடன் படித்தவன் ஒருவன் வக்கீல். நான் பாங்க் கவுண்டருக்குள் வந்து உட்கார்ந்தேன். அவன் சட்டக் கல்லூரிக்குப் போனான். இன்று தத்து விவகாரங்கள் தவிர வேறு எதையும் அவன் தொடுவதில்லை. கருணையால் இதற்கு வந்தவன் என்று சொல்ல முடியாது. ஒரு சுவீகாரத்தை உடைத்து ஜெயித்து, அதன் வழியாக வந்தவன்.

பாகப்பிரிவினை வழக்கு. 1956-ம் வருஷத்து இந்து தத்தெடுப்புச் சட்டத்தில் தத்த ஹோமம் கட்டாயமில்லை. ஆனால் பெற்றவர் கொடுக்க, கொள்பவர் வாங்க, பிள்ளை கைமாறியிருக்க வேண்டும். பதிவான பத்திரம் இருந்தால் கோர்ட் அதை உண்மையென்று எடுத்துக்கொண்டு தொடங்கும். இல்லையென்றால் நிரூபிக்க வேண்டும். இங்கே பத்திரம் இல்லை. கண்ணால் கண்டவர்களும் செத்துப்போயிருந்தார்கள். நண்பன் அந்த ஒரு இடத்தில் நின்றே வாதாடினான், ஜெயித்தான். தோற்றவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். வராந்தாவில் இவனிடமே வந்து கேட்டாராம்: "ஸ்கூல் சர்ட்டிபிகேட்டில இருக்கிற அப்பா பேரையும் மாத்தணுமா, சார்?"

இவன் பதில் சொல்லவில்லை.

அதற்கப்புறம்தான் 1984-ம் வருஷத்து லக்ஷ்மி காந்த் பாண்டே வழக்கின் தீர்ப்பைப் படித்தான். பாண்டே ஒரு வக்கீல். குழந்தைகளை வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுப்பதில் நடந்த முறைகேடுகளைப் பற்றி அவர் எழுதிய கடிதத்தையே சுப்ரீம் கோர்ட் மனுவாக எடுத்துக்கொண்டது. பகவதியின் தீர்ப்பு குழந்தையின் நலனை முன்னால் வைத்து நெறிமுறைகள் வகுத்தது. "வக்காலத்துப் போடத் தெரியாதவங்களுக்காக ஒருத்தன் எழுதியிருக்கான்டா" என்றான் என்னிடம். அந்த வாரமே சொத்து வழக்குக் கட்டுகளைச் சீனியரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

2022 செப்டம்பரிலிருந்து இளைஞர் நீதிச் சட்டப்படி தத்து ஆணை பிறப்பிப்பவர் கலெக்டர். "கோர்ட் இல்லாத வக்கீல் ஆயிட்டேன்" என்று சிரிக்கிறான். விண்ணப்பம் பூர்த்தி செய்து தருகிறான். உறவுக்குள் தத்துக் கொடுப்பவர்களைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பத்திரம் பதியவைக்கிறான்.

தத்தம் என்றால் கொடுக்கப்பட்டது. சுவீகாரம் என்றால் தனதாக்கிக்கொள்வது. ஒரு சொல் கொடுக்கிற கையினுடையது, மற்றது வாங்குகிற கையினுடையது. இடையில் இருக்கிற பிள்ளை செய்வதற்கு இவை இரண்டிலும் இடம் இல்லை. ஆனால் கொடுப்பதும் வாங்குவதும் ஒரு நாளில் முடிந்துவிடும். பிள்ளையாக இருப்பதுதான் ஆயுள் முழுக்க நடக்கிறது. சொற்களை எடை போடுவதைத் தொழிலுக்கு வெளியே ஒரு தொழிலாக வைத்திருக்கிற எனக்கு இது வெகு தாமதமாகத்தான் உறைத்தது.

போன மாதம் ஒரு பெண் கவுண்டருக்கு வந்தாள். இறந்தவரின் டெபாசிட். நாமினேஷன் இல்லை. வளர்ப்பு மகள் என்றாள். வாரிசுச் சான்றிதழ் கேட்டு மூன்று முறை திருப்பி அனுப்பினேன். நாலாவது முறை அவள் வரவில்லை. நண்பனிடம் சொன்னேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன்.

"நீ கேட்டது சரிதான்டா. நான் அன்னிக்கு வாதாடினதும் சரிதான்" என்றான்.

அந்தக் கணக்கு இன்னும் என் திரையில் இருக்கிறது. வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது.