கோப்பில் இல்லாத காகிதம்

ஒரு குழந்தையை வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுக்க எத்தனை காகிதங்கள் வேண்டும் என்று போன மாதம் ஒரு தோழர் கேட்டார். எண்ணியதில்லை என்றேன். மலரின் கோப்பை இரண்டு கைகளாலும்தான் தூக்க வேண்டும், அது மட்டும் தெரியும். (மலர் அவளுடைய உண்மைப் பெயர் அல்ல. மாவட்டத்தையும் சொல்லப்போவதில்லை.) அந்தக் கோப்பில் இருப்பதையும் இல்லாததையும் எழுத வேண்டும் என்று அவர் கேட்டதிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் சமூகவியல் முதுகலை படித்தவள். காலனியில் பிறந்து, அரசு உதவித்தொகையில் படித்து, ஏழு வருடங்களாக ஒரு தத்து மையத்தில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். மலரைப் பற்றிய முதல் காகிதத்தை எழுதியதும் நான்தான்.

2021 பிப்ரவரியில் ஒரு காலை நேரம், நாலு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளுடைய அம்மா வந்தார். செங்கல் சூளையில் கல் அறுக்கிறவர். முந்தைய வருட ஊரடங்கில் கணவர் இறந்துவிட்டார். குடும்பமாக வாங்கிய முன்பணம் 60,000 ரூபாய் இவர் தலையில் விழுந்தது. எத்தனை ஆயிரம் கல் அறுத்தாலும் கணக்கு நோட்டில் கடன் குறையவே இல்லை. ராத்திரியோடு ராத்திரியாகப் பெண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். மூத்த பையன் சூளையிலேயே இருந்தான். அவனுக்காகத் திரும்பிப் போயாக வேண்டும். பிள்ளைக்கு இடது காதில் சீழ் வடிந்துகொண்டிருந்தது, அதில் கேட்காது. "இத மட்டும் படிக்க வெப்பீங்கல்ல மேடம்?" என்று மூன்று தடவை கேட்டார். வேறெதுவும் கேட்கவில்லை.

குழந்தையை ஒப்படைப்பதற்கு ஒரு பத்திரம் உண்டு. குழந்தைகள் நலக் குழு முன்பு கையெழுத்தாக வேண்டும். பெற்றவர்களின் கட்டுப்பாட்டை மீறிய உடல், மன, சமூகக் காரணங்களால் குழந்தையைக் கைவிட நேர்ந்தால் அதுதான் ஒப்படைப்பு என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். மனம் மாற இரண்டு மாத அவகாசமும் தருகிறது. காரணம் என்ற இடத்தில் நான் 'வறுமை' என்று எழுதினேன். 'கணவர் இறப்பு, வறுமை.' மூன்றே சொல். அம்மா கைநாட்டு வைத்தார்.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. முன்பணத்துக்காக ஒருவரை வேலையிடத்தை விட்டு நகரவிடாமல் வைத்திருந்தால் அது குற்றம், அந்தக் கடனும் செல்லாது. கோட்டாட்சியரோ ஆட்சியரோ விசாரித்து விடுதலைச் சான்றிதழ் தரலாம், மறுவாழ்வு நிதியும் உண்டு. இது எனக்குத் தெரியாதா? தெரியும். முதுகலையில் இதைப் பற்றிக் கட்டுரை எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். கணவரை இழந்தவரின் பிள்ளைக்கு மாதம் 2000 ரூபாய் ஆதரவு உதவித்தொகை அப்போதே இருந்தது. 2022இல் அது 4000 ஆனது. அதற்கும் நான் விண்ணப்பம் எழுதவில்லை. அந்த அம்மாவிடம் ஆதாரும் வங்கிக் கணக்கும் சூளைக்காரரிடம் இருந்தன, ஊரடங்கு காலம், நான் ஒருத்தி என்ன செய்வது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானங்கள் பல. இரண்டு மாதம் முடிந்தது. அவர் வரவில்லை. வரவிடாத ஓர் இடத்திலிருந்து வரவில்லை என்பதை மனம் மாறவில்லை என்றே கோப்பு எடுத்துக்கொண்டது. சட்டப்படி தத்துக்குத் தகுதியானவள் என்று மலருக்குச் சான்று வந்தது.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் ஒரு காகிதம்கூடத் தவறவில்லை.

முதலில் இந்தியக் குடும்பங்கள். இந்தியாவிலோ வெளிநாடுவாழ் இந்தியரிடமோ 60 நாளுக்குள் குடும்பம் அமையாத குழந்தைதான் வெளிநாட்டுத் தத்துக்குப் போகும். மாற்றுத்திறன் உள்ளவர்கள், உடன்பிறந்தவர்கள், ஐந்து வயதைக் கடந்தவர்கள் ஆகியோருக்கு அங்கே முன்னுரிமை என்று சட்டமே சொல்கிறது. நம் வீடுகள் யாரையெல்லாம் ஏற்காது என்ற பட்டியலாகத்தான் எனக்கு அது தெரிகிறது. மலரைப் பார்க்க இரண்டு குடும்பங்கள் வந்தன. முதல் வீட்டு மாமியார், "கலர் கொஞ்சம் கம்மியா இருக்கே" என்றார், பிள்ளையின் காதுபடவே. இரண்டாவது வீட்டுக்காரர் நன்கு படித்தவர். என்னைத் தனியே அழைத்து, "தப்பா நினைக்காதீங்க மேடம், புள்ள எந்த ஆளுங்க?" என்று கேட்டார். தெரியாது சார், தெரிந்தாலும் சொல்லக்கூடாது என்றேன். ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்துவிட்டு, "உங்களுக்கு எந்த ஊரு மேடம்?" என்றார். இந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று இதை வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டு குடும்பமும் வேண்டாம் என்பதற்குக் காரணமாகக் காதைத்தான் எழுதிக் கொடுத்தன.

பிறகு இத்தாலி. அங்கே தத்தெடுக்க விரும்புகிறவர்களைத் தகுதியானவர்கள் என்று சிறார் நீதிமன்றம் சொல்ல வேண்டும். அதன் பிறகு அங்கீகரிக்கப்பட்ட முகமை ஒன்று வீட்டாய்வு அறிக்கை, வருமானச் சான்று, போலீஸ் சான்று, மருத்துவச் சான்று எல்லாவற்றையும் சேர்த்து, மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி டெல்லியில் இருக்கும் காராவுக்கு அனுப்பும். இந்தப் பக்கத்திலிருந்து நான் எழுதும் குழந்தை ஆய்வறிக்கையும் மருத்துவ அறிக்கையும் அங்கே போகும். ஒவ்வொரு பக்கத்தையும் படித்ததற்கு அடையாளமாக அவர்கள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். காரா தடையில்லாச் சான்று தரும். முன்பு நீதிமன்றம் தந்த தத்து ஆணையை 2022 செப்டம்பரிலிருந்து மாவட்ட ஆட்சியர் தருகிறார். ஆணையை வைத்துப் புதிய பிறப்புச் சான்றிதழ், அதை வைத்து பாஸ்போர்ட், பிறகு ஹேக் உடன்படிக்கையின்படி ஓர் இணக்கச் சான்றிதழ், கடைசியில் விசா.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று சலித்துக்கொள்பவர்களிடம் நான் சண்டை போடுவேன். வெளிநாட்டுத் தத்தில் நடந்த முறைகேடுகளைப் பற்றி லக்ஷ்மிகாந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் எழுதிய கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் 1984இல் நெறிமுறைகளைத் தந்தது. அதற்குப் பிறகும், 90களின் கடைசியில் சென்னையின் குடிசைப் பகுதிகளில் கடத்தப்பட்ட குழந்தைகள் தத்து என்ற பெயரில் வெளிநாடு போயிருக்கிறார்கள். பெற்ற தாய் ஒப்படைத்ததாகச் சொல்லும் போலிப் பத்திரங்கள் அந்தக் கோப்புகளிலும் இருந்தன. தொலைந்தவை யாருடைய பிள்ளைகள்? நம் பிள்ளைகள்தான்.

மலரின் பத்திரத்தில் இருந்தது போலிக் கைநாட்டு அல்ல. எனக்கு அதுவே பெரிய நிம்மதி என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த இத்தாலியத் தம்பதி நல்லவர்கள். கணவர் பள்ளி ஆசிரியர், மனைவி மருந்துக் கடையில் வேலை. ஓர் ஆல்பம் அனுப்பியிருந்தார்கள். வீடு, படுக்கை, ஒரு கிழட்டு நாய், பாட்டி. நான் ஒவ்வொரு படத்துக்கும் கீழே தமிழில் எழுதி ஒட்டினேன். தினமும் சாயங்காலம் அதைப் புரட்டுவாள். அங்கே அம்மாவை 'மம்மா' என்பார்கள் என்றதும், "நம்ம மாதிரிதான் சொல்றாங்க, கொஞ்சம் தப்பா சொல்றாங்க" என்று சிரித்தாள். மே மாத வெயிலில் ஸ்வெட்டர் போட்டுப் பழகினாள். நூடுல்ஸை முள்கரண்டியில் சுற்றிப் பழகினாள். விமானத்தில் காது அடைக்கும், அப்போது மிட்டாய் சப்ப வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். "எனக்கு ஒரு காதுதான அடைக்கும்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்த அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். ஸ்டுடியோ தம்பி கணினியில் அவள் முகத்தை வெளுப்பாக்கி அச்சடித்துக் கொடுத்தான். "கொஞ்சம் பளிச்சுன்னு பண்ணியிருக்கேன்க்கா." இது பாஸ்போர்ட்டுக்கு, உள்ளது உள்ளபடி வேண்டும் என்று சத்தம் போட்டேன். மாற்றிக் கொடுத்தான். மலர் அந்த வெளுத்த படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "இதுதான்க்கா அழகா இருக்கு. இதயே அவங்களுக்கு அனுப்புங்க." அன்று ராத்திரி படுக்கப் போகும்போது, "அங்கயும் என்ன கருப்பின்னு சொல்வாங்களா?" என்று கேட்டாள். சில பேர் சொல்லலாம், சொன்னால் உடனே வீட்டில் சொல்லணும் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அடுத்த வீடியோ அழைப்பில் மொழிபெயர்ப்பாளர் வழியாக இதை அந்தத் தம்பதியிடம் அப்படியே சொன்னேன். அந்த அம்மா அழுதார். கணவர் அழவில்லை. தங்கள் ஊர்ப் பள்ளியில் வேறு நிறப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களை மற்றவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று விசாரித்துச் சொல்கிறேன் என்றார். அடுத்த வாரமே சொன்னார். அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

குழந்தை போகும்போது வாழ்க்கைக் கதைப் புத்தகம் ஒன்று கொடுத்தனுப்புவோம். எங்கே பிறந்தாள், எப்படி வந்தாள், யாரோடு விளையாடினாள் என்று படங்களோடு இருக்கும். முதல் பக்கம் பெற்ற அம்மாவைப் பற்றியது. வழக்கமாக, 'உன் அம்மாவால் உன்னை வளர்க்க முடியவில்லை, உன் நல்வாழ்வுக்காக எங்களிடம் கொடுத்தார்' என்று இருக்கும். அந்த வரியை எத்தனையோ புத்தகங்களில் எழுதிய என் கை இந்த முறை ஓடவில்லை. வளர்க்க முடியாத பெண்ணா அவர்? காது வலிக்கிறது என்று பிள்ளையை ராத்திரி முழுக்கத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர்.

இப்படி எழுதினேன்: உன் அம்மா செங்கல் சூளையில் கல் அறுத்தார். வாங்கிய முன்பணத்தைக் காட்டி அவரை அங்கிருந்து போகவிடவில்லை. அப்படித் தடுப்பது சட்டப்படி குற்றம். அவரைக் காப்பாற்ற வேண்டியவர்கள் காப்பாற்றவில்லை. அவர் பட்டியல் சாதியில் பிறந்தவர். இந்த நாட்டில் நிலம் இல்லாமலும் கடனோடும் இருப்பவர்களில் பலர் அப்படிப் பிறந்தவர்கள்தான். நீ படிக்க வேண்டும் என்று உன்னை இங்கே கொண்டுவந்தார்.

மேலதிகாரி படித்துவிட்டு, "ஆறு வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கும்மா? அங்க சாதின்னா யாருக்குப் புரியும்?" என்றார். அவர் கெட்டவர் அல்ல. ஆறு வயதில் புரியாது, இருபது வயதில் வேர் தேடி இந்தியாவுக்கு வருவாள் என்றேன். பதினெட்டு வயதானால் தத்துப் பிள்ளைகள் தங்கள் பிறப்பைப் பற்றி விண்ணப்பித்துக் கேட்கலாம். பெற்றவர் சம்மதம் இல்லாமல் பெயரையும் முகவரியையும் தர மாட்டோம். அப்படியானால் அவள் கையில் கிடைக்கப்போவது நான் எழுதிய அந்த மூன்று சொற்கள்தான். 'வறுமை' என்று படித்தால் அவளுக்கு என்ன புரியும்? மழை பொய்த்தது போல, காய்ச்சல் வந்தது போல ஏதோ நடந்துவிட்டது என்றுதானே? கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். சூளையும் முன்பணமும் புத்தகத்தில் இருக்கட்டும், மற்றதைத் தனிக் குறிப்பாக எழுதி மையத்தின் கோப்பில் வைக்கலாம் என்று. அரை மனதோடு ஒப்புக்கொண்டேன். அந்தக் குறிப்பில் என் பெயரையும், விடுதலைச் சான்றிதழுக்கு நான் விண்ணப்பிக்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுதி வைத்திருக்கிறேன்.

2023 ஜூலையில் தத்து ஆணை வாங்க ஆட்சியர் அலுவலகம் போனேன். கொத்தடிமைகள் தொடர்பான மனுக்களும் அதே கட்டிடத்துக்குத்தான் வரும். ஆணையைக் கையில் கொடுத்த எழுத்தர், "உங்க ஃபைல் மாதிரி எல்லாரும் நீட்டா கொண்டுவந்தா எங்களுக்கு எவ்ளோ ஈசி" என்று பாராட்டினார். ஹேக் உடன்படிக்கையின் முகவுரை, குழந்தை பெற்ற குடும்பத்திலேயே வளர ஆவன செய்வதுதான் ஒவ்வொரு நாட்டுக்கும் முன்னுரிமை என்கிறது. இந்தியா அதை ஏற்று உறுதிசெய்தது 2003இல். தத்து விதிமுறைகள் 2017இல் வந்தபோது வெளிநாட்டுப் பெற்றோர் மையத்துக்குக் கட்ட வேண்டிய தொகை 5000 டாலர் என்று இருந்தது. குழந்தைகள் பராமரிப்புக்காகத்தான், கணக்கு உண்டு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மாவின் கடன் 60,000 ரூபாய்.

மலர் நன்றாக இருக்கிறாள். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாம் வருடம் ஆறு மாதத்துக்கு ஒன்று என எல்லா அறிக்கைகளும் ஒழுங்காக வந்தன. காதுக்கு அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. ஒரு படத்தில் அந்தக் கிழட்டு நாயின் மேல் சாய்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். தத்தே கூடாது என்று சொல்லும் தோழர்களிடம் இந்தப் படத்தைக் காட்டத் தோன்றும். தத்து எவ்வளவு புனிதம் என்று பேசுகிறவர்களிடம் அந்த ஒப்படைப்புப் பத்திரத்தைக் காட்டத் தோன்றும். அவளுடைய அம்மாவைத் தேடிப் போனேன். அந்தச் சூளை மூடிவிட்டது. ஆட்கள் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார்கள் என்றார்கள்.

இந்த ஜனவரியில் இன்னொரு பெண் வந்தார். கரும்பு வெட்டும் வேலை, முன்பணம் 45,000, கைக்குழந்தை பத்து மாதம். ஒப்படைப்புப் பத்திரத்தை நான் மேசையில் எடுத்து வைக்கவில்லை. கோட்டாட்சியருக்கு மனு எழுதினேன். பிள்ளையோடு தங்க ஓர் இல்லத்தில் இடம் கேட்டு வாங்கினோம். உதவித்தொகைக்கும் விண்ணப்பித்தோம். இதுவரை நான்கு தடவை அலுவலகம் போய் வந்தாயிற்று. முதல் தடவை விசாரணை அதிகாரி, "வாங்கின காச திருப்பிக் கட்டுனா முடிஞ்சுதே, இதுல கொத்தடிமை எங்க வந்துச்சு?" என்று கேட்டார். சட்டப் பிரிவை அச்செடுத்துக்கொண்டு போனேன். மனு பெற்றதற்கான ரசீது, தேதி, முத்திரை எல்லாவற்றையும் தனிக் கோப்பு போட்டு வைத்திருக்கிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை குழந்தையையும் தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்.