திறப்பு யாருடைய கையில்?

கனடாவுக்கு வந்த தமிழர்களில் பலருக்கு முதல் வீடு நிலத்துக்குக் கீழேதான் அமைந்தது. ஸ்காபரோவில் யாரைக் கேட்டாலும் ஒரு பேஸ்மென்ற் கதை சொல்வார்கள். அதில் குளிர் வரும், வாடகை வரும், மேல்வீட்டுக்காரரின் காலடிச் சத்தம் வரும். சுவர் வருவதில்லை. அந்தச் சுவர் எதை மறைக்க எழுந்தது, அதற்குக் கதவு எந்தப் பக்கம் வைக்கப்பட்டது என்பதைப் பற்றி எழுதவேண்டும் என்று எனக்கு நெடுநாளாக எண்ணம்.

வேலை முடிக்காத பேஸ்மென்ற் ஒன்றுக்குள் இறங்கினால் வீட்டின் குடலும் நரம்பும் கண்ணுக்குத் தெரியும். எரிவாயுவில் இயங்கும் ஃபர்னஸ், சுடுதண்ணீர்த் தாங்கி, சூடான காற்றைக் கொண்டுபோகும் தகரக் குழாய்கள், பிரேக்கர் பெட்டி, தெருவிலிருந்து தண்ணீர் நுழையும் இடத்தில் மீற்றரும் பிரதான வால்வும், கழிவுநீர்க் குழாயின் அடியில் அடைப்பெடுக்கும் மூடி. வீட்டை 'ஃபினிஷ்' பண்ணுவது என்றால் இவற்றைச் சுற்றி 16 அங்குலத்துக்கு ஒன்றாக மரச்சட்டங்களை நிறுத்தி, ட்றைவோல் பலகை அடித்து, வர்ணம் பூசுவது. ஆனால் இவற்றில் ஒன்றைக்கூட மூடிவிட்டு மறந்துபோக முடியாது. ஃபர்னஸின் வடிகட்டியைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். குழாய் வெடித்தால் நிமிடக் கணக்கில் வால்வை மூடவேண்டும். ஆகவே ஒவ்வொரு சட்டத்தை நிறுத்தும்போதும் ஒரு கேள்வி கூடவே நிற்கிறது. நாளைக்கு இதைத் திறக்கப்போவது யார்?

தொண்ணூறுகளின் கடைசியில் நானும் வேறு இரண்டு பெண்களும் ஒரு பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தோம். பிரேக்கர் பெட்டி வீட்டுக்காரரின் சாமான் அறைக்குள் இருந்தது. அறைக்குப் பூட்டு. கேத்திலையும் ஹீற்றரையும் ஒன்றாகப் போட்டால் மின்சாரம் நின்றுவிடும். வீட்டுக்காரர் இரவு வேலைக்குப் போய்விட்டால் விடியும்வரை இருட்டில் இருப்போம். ஜனவரி இரவு ஒன்றில் மேலே போய் அவருடைய மனைவியிடம் கேட்டோம். "திறப்பு அவரிட்டத்தான் பிள்ளையள். எனக்கு அந்தப் பெட்டி எங்க இருக்குதெண்டும் வடிவாத் தெரியாது" என்றார் அந்த அக்கா. பிறகு மூன்று போர்வைகளும் ஒரு ரோச் லைற்றும் தந்தார்.

அந்த அக்கா பதினொரு வருடமாக அதே வீட்டில் சமைத்தவர், துவைத்தவர், மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். வீட்டுப் பத்திரத்தில் அவருடைய பெயரும் இருந்தது. வாடகைக்கு இருந்த எங்களுக்கும் வீட்டுக்குச் சொந்தக்காரியான அவருக்கும் இடையில் பணத்தில் பெரிய தூரம். அந்தப் பூட்டுக்கு முன்னால் மட்டும் நாங்கள் நால்வரும் ஒரே பக்கத்தில் நின்றோம்.

வாடகை வீட்டில் வெப்பத்தையும் மின்சாரத்தையும் தண்ணீரையும் வீட்டுக்காரர் வேண்டுமென்றே நிறுத்தக்கூடாது என்று ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. தேவையான சட்டம். எங்கள் வீட்டுக்காரரோ எதையும் வேண்டுமென்று நிறுத்தியவர் இல்லை, நல்ல மனிதர். பெட்டியைத் தான் மட்டுமே தொடுவேன் என்ற நினைப்பில் சுவரை எழுப்பியவர், அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னர் என் அம்மாவுக்காக எங்கள் பேஸ்மென்றை முடிக்கத் தீர்மானித்தோம். அம்மாவுக்கு எழுபத்துநான்கு வயது. படுக்கையறை, குளியலறை, சின்னக் குசினி. வேலைக்கு வந்த அண்ணை கெட்டிக்காரர். அளவு நாடாவும் பென்சிலுமாக நான் முன்னால் நிற்க, "தங்கச்சி, அவர் எத்தினை மணிக்கு வருவார்? அவரோட ஒருக்காக் கதைச்சிட்டுத் தொடங்குவம்" என்றார். கணவர் வந்து, "எனக்கு உது ஒண்டும் விளங்காது அண்ணை, இவவோட கதையுங்கோ" என்றார். அண்ணை சிரித்தார். பகிடி என்று நினைத்திருக்கவேண்டும்.

அவர் போட்ட திட்டம் பார்க்க அழகாக இருந்தது. ஃபர்னஸைச் சுற்றி ஒடுக்கமான ஒரு பெட்டியறை. பிரேக்கர் பெட்டி அம்மாவின் உடுப்பு அலுமாரிக்குள். தண்ணீர் வால்வு படிக்கட்டின் கீழ், ஒரு கை நுழையும் அளவு துவாரத்துக்குப் பின்னால். அடைப்பெடுக்கும் மூடி முழுதாக ட்றைவோலுக்குள்.

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். உடுப்பு அலுமாரிக்குள் பிரேக்கர் பெட்டி இருக்கக்கூடாது. அதற்கு முன்னால் 1 மீற்றர் வெளி விடவேண்டும். இரண்டும் மின்சார விதிகள். வயர்கள் இணையும் பெட்டிகளையும் சுவருக்குள் புதைக்கக்கூடாது. ஃபர்னஸுக்குக் காற்று வேண்டும், வடிகட்டியை இழுத்தெடுக்க இடம் வேண்டும். ஆகவே அந்த அறை பெரிதாகட்டும், 32 அங்குலக் கதவு வரட்டும். வால்வுக்கு முன்னால் கதிரை ஒன்றைப் போட்டு அம்மா இருந்தபடி திருப்பக்கூடியதாக ஒரு சின்னக் கதவு வேண்டும். கழிவுக் குழாயைச் சுற்றிய மரப்பெட்டியின் முன்பலகை ஆணி அடிக்காமல் கழற்றக்கூடியதாக வரவேண்டும்.

"ஏன் தங்கச்சி உந்தக் கரைச்சல்? ஏதும் நடந்தா வெட்டித் திறக்கலாம்தானே. இத்தினை கதவு வைச்சா வடிவு கெட்டுப்போம்."

"வெட்டித் திறக்க நீங்கள் வரவேணும் அண்ணை. அம்மாவுக்கு அது ஏலாது."

அறையில் ஒன்றரை அடி குறைந்தது. கூலி கூடியது. வடிவும் கொஞ்சம் கெட்டதுதான். அந்த வடிவு என்ற சொல்லைப் பிறகும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். வீட்டை இயக்குகிற எதுவும் கண்ணில் படாமல் இருப்பதையே நாங்கள் வடிவு என்கிறோம். வீட்டை நடத்துகிற பெண்களின் வேலையையும் அப்படித்தான் பழக்கிவைத்திருக்கிறோம்.

லண்டனில் மேட்ரிக்ஸ் என்ற பெண் கட்டடக்கலைஞர்களின் குழு 1984இல் 'மேக்கிங் ஸ்பேஸ்' என்ற புத்தகத்தை வெளியிட்டது. ஆண்கள் தீர்மானித்துக் கட்டிய இடங்களுக்குள் பெண்கள் வாழவேண்டியிருப்பதைப் பற்றிய புத்தகம் அது. குசினியின் அளவைப் பற்றி நாங்களும் ஓரளவு பேசிவிட்டோம். ஃபர்னஸ் அறையை இன்னும் ஆண்களின் இடமாகவே விட்டுவைத்திருக்கிறோம்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னபோது ஊர்க் கிணற்றைப் பற்றிக் கதைத்தார். கயிறு, வாளி, கப்பி எல்லாம் கண்ணுக்கு முன்னால். கயிறு எந்த இடத்தில் நைந்திருக்கிறது என்பது அள்ளுகிற பெண்ணுக்குத்தான் முதலில் தெரியும். அந்தக் காலத்தை நான் பொற்காலம் ஆக்கமாட்டேன். யார் எந்தக் கிணற்றில் அள்ளலாம் என்பதை யாழ்ப்பாணத்தில் சாதி தீர்மானித்தது. தாகத்தோடு வந்து, யாரோ அள்ளி ஊற்றும்வரை தள்ளி நிற்கவேண்டியிருந்தவர்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். தண்ணீரைத் தொடும் உரிமை எங்கேயும் சும்மா கிடைத்ததில்லை. இங்கே அது ட்றைவோலுக்குப் பின்னால் போயிருக்கிறது.

வேலை முடிந்த பிறகு சின்னக் கதவுகளின் உட்பக்கத்தில் தமிழில் எழுதி ஒட்டினோம். 'பிரதான தண்ணீர்: வலப்பக்கம் திருப்பினால் மூடும்.' பிரேக்கர்களுக்கும் அப்படியே: குசினி, குளியலறை, அம்மாவின் அறை. அம்மா கதிரையில் இருந்து வால்வைத் திருப்பிப் பார்த்தார். மேலே சவர்க்காரம் பூசிய முகத்தோடு கணவர் கத்தினார். "நிண்டுபோச்சோ?" என்று அம்மா கேட்ட குரலில் இருந்த சந்தோசத்தை நான் அதற்கு முதல் கேட்டதில்லை. ஒரு கிழமைக்குள் பக்கத்து வீட்டுப் பெண்மணியையும் கூட்டிவந்து காட்டினார்.

உங்கள் வீட்டில் தண்ணீரை எங்கே நிறுத்துவது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இன்றைக்கே கீழே இறங்கி ஒருமுறை கையால் திருப்பிப் பாருங்கள். வீட்டை வாடகைக்குக் கொடுப்பவராக இருந்தால், குடிவரும் பெண்ணுக்கு முதல் நாளே மூன்று இடங்களைக் காட்டுங்கள்: பிரேக்கர் பெட்டி, தண்ணீர் வால்வு, எரிவாயுவை நிறுத்தும் இடம். அந்த அறைக்குப் பூட்டு இருந்தால், ஒரு திறப்பு அவளுடைய கையில் இருக்கட்டும்.