நான் சொல்லாமல் விட்டது

நோனிப் பழச் சாறு உடம்பின் செல்களைக் காக்கும் என்று போர்ட் பிளேரில் ஒரு கண்காட்சி மேடையில் மைக்கைப் பிடித்துச் சொன்னவன் நான். அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. இல்லை என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

இருந்தது ஒரு சோதனை மட்டும். டிபிபிஎச் என்ற பொருளை மெத்தனாலில் கரைத்தால் கத்தரிப்பூ நிறம் வரும். அதில் ஒரு எலெக்ட்ரான் இணையில்லாமல் நிற்கிறது. பழத்திலுள்ள பாலிஃபீனால்கள் அதற்கு ஹைட்ரஜனைக் கொடுத்ததும் நிறம் வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்று 517 நானோமீட்டர் ஒளியில் அளந்து, வைட்டமின் சியோடு ஒப்பிடுவோம். கடலோர உப்புக்காற்றில் விளைந்த நோனி நன்றாகவே வெளுக்க வைத்தது. அழகான சோதனை, இன்றும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்தச் சோதனைக் குழாயில் ஒரு செல்கூடக் கிடையாது. குடலும் இல்லை, கல்லீரலும் இல்லை. நாம் குடிக்கும் பாலிஃபீனாலில் பெரும்பகுதி ரத்தத்தில் சுற்றத் தொடங்கும் முன்பே உருமாறிவிடுகிறது. செல்லுக்குள் காவல் காப்பவை கேட்டலேஸ், குளூட்டாதயோன் என்று உடம்பு தானே செய்துகொள்ளும் பொருள்கள்.

இதையெல்லாம் மாணவர்களுக்குப் பாடமாக நடத்தியிருக்கிறேன். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வையும் சொல்லியிருக்கிறேன். இதேபோல் காக்கும் என்று நம்பிக் கொடுத்த பீட்டா கரோட்டின் மாத்திரையை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது என்று 1994இல் முடிவு வந்தது. வகுப்பில் சொன்னதை மேடையில் விட்டுவிட்டேன். கைதட்டல் வேண்டியிருந்தது. நிக்கோபாரிகள் உணவாகவும் மருந்தாகவும் கொள்ளும் பழத்துக்குச் சந்தை கிடைக்கட்டும் என்ற ஆசையும் இருந்தது. அதை நான் சாக்காகச் சொல்லமாட்டேன்.

ஜங்கிலிகாட்டில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அவர் கணவருக்குச் சர்க்கரை நோய், சிறுநீரகமும் தளர்ந்திருந்தது. “தம்பி, மாமாவுக்குக் குடுக்கலாமா?” என்று கேட்டார். நோனிச் சாற்றில் பொட்டாசியம் நிறைய உண்டு. தளர்ந்த சிறுநீரகத்தால் அதைச் சரிவர வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும். நோனி குடித்த சிறுநீரக நோயாளி ஒருவருக்குப் பொட்டாசியம் ஏறியதை 2000ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்திருந்தேன். படித்திருந்தும், “கொஞ்சமாக் குடுங்கக்கா, பழந்தானே” என்றேன்.

கொஞ்ச நாளில் மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பொட்டாசியம் ஏறியிருந்தது. என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டபோது நானும் பக்கத்தில் நின்றேன். இளநீர் என்றார் அக்கா. சாற்றின் பெயரை நான் எடுக்கவில்லை. மாமா பிழைத்துக்கொண்டார். இளநீராலும் பொட்டாசியம் ஏறும், அவர் எடுத்த மாத்திரைகளாலும் ஏறியிருக்கலாம். சாறுதான் காரணம் என்று அறுதியிட முடியாது. அந்தச் சந்தேகத்துக்குள் போய் ஒளிந்துகொண்டேன். அவர் வீடு திரும்பிய அன்று, “சாறும் வேண்டாங்கா” என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. அக்கா இன்னும் இளநீரைத்தான் குறைசொல்கிறார்.

இது அச்சாகும் முன் அவரிடமும் மாமாவிடமும் நேரில் சொல்லிவிடுவேன். என் பெயர் போட்ட துண்டறிக்கையில் ‘செல்களைக் காக்கும்’ என்ற வரியை எடுக்கும்படி எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த இடத்தில், சிறுநீரக நோயுள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைக் குடிக்கக் கூடாது என்று பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்.